ஒற்றைக் கையுறை

அந்தப் பெரியவர் ஏன் இடது கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டார்? மெனக்கெட்டு யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. ஆனாலும் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல விடமாட்டேன் என்கிறது.

சென்னையில் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடி. சில வார இறுதிகளுக்கு மட்டும் போட்டிருந்த பாப்-அப் உணவகம். கொரிய பாணி சிக்கன் விங்ஸ். அக்கா மகன்தான் கூட்டிப்போனான். தட்டோடு முள்ளங்கி ஊறுகாயும் ஆளுக்கு ஒரு ஜோடி மெல்லிய பிளாஸ்டிக் கையுறையும் வந்தன. சாஸ் பிசுபிசுப்பு கையில் ஒட்டாமல் இருக்க, கொரியாவில் உறை போட்டுக்கொண்டு சாப்பிடுவது உண்டு. பக்கத்து மேசையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு அந்தப் பெரியவர். இரண்டு உறைகளையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றை மடித்துத் தட்டுக்கு அடியில் செருகினார். மற்றதை இடது கையில் மாட்டினார். வலது கையை வெறுமையாகவே வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அவ்வளவுதான் நடந்தது.

இறக்கை தின்றவர்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு கை போதாது. நுனி, நடு, தோள்பக்கம் என்று மூன்று துண்டு. தோள்பக்கத்தில் ஒரே எலும்பு, பிடித்துக் கடித்துவிடலாம். சங்கடமெல்லாம் நடுத்துண்டில்தான். நம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருப்பது போலவே அதிலும் இரண்டு எலும்புகள். ருசியான கறி அந்த இடுக்கில் இருக்கும். ஒரு கை முனையைப் பிடிக்க, மறு கை எலும்பைத் திருகி உருவ வேண்டும். குழம்பில் வெந்த இறக்கை சொன்ன பேச்சு கேட்கும். இரண்டு முறை எண்ணெயில் பொரித்தது கேட்காது.

நம் பக்கமோ சாப்பாடு ஒரு கை வேலை. புரோட்டாவைக்கூட ஒரே கையால் அழுத்திப் பிய்க்கப் பழகியிருக்கிறோம். வழி சொல்லும்போது 'சோத்தாங்கைப் பக்கம் திரும்பு' என்பார்கள். பீச்சாங்கைக்கு ஒதுக்கிய வேலை வேறு. அதனால் பெரியவரின் கணக்கு புரிந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். கடைக்காரர்கள் உறை கொடுத்தது கையைச் சாப்பாட்டிடமிருந்து காப்பாற்ற. அவர் மாட்டிக்கொண்டது சாப்பாட்டைக் கையிடமிருந்து காப்பாற்ற. அடடா, என்ன சாமர்த்தியம் என்று மனசுக்குள் சபாஷ்கூடப் போட்டேன்.

அத்தை மகள் ஞாபகம் வந்து இதைக் கெடுத்துவிட்டது. அவளுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். ஊரில் கோழி அடிக்கிற நாளில் ஆச்சி எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவாள். இவளுடைய இடது கை தட்டுப் பக்கம் நகர்ந்தால் போதும், கரண்டிக் காம்பு விரல் முட்டியில் விழும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதுகிற கையை மாற்றப் பார்த்துத் தோற்றார். சாப்பிடுகிற கையை ஆச்சி மாற்றிவிட்டாள். அடி விழாமல் இருக்க இவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சாப்பிடுவாள். எழுந்திருக்கும்போது கை மரத்துப்போயிருக்கும். உதறிக்கொண்டே போய்க் கழுவுவாள்.

ஆச்சியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்குக் கல்யாணப் பந்தியில் பேத்தியை யாரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. பந்தியில் அப்படிப் பார்க்கத்தான் செய்தார்கள், அதுவும் உண்மை.

அப்படியானால் பெரியவரும் இடது கைக்காரராக இருந்திருக்கலாம் அல்லவா? ஆயுசு முழுக்கத் தொடைக்கு அடியில் கிடந்த கை, ஒரு பிளாஸ்டிக் மறைவு கிடைத்ததும் தட்டுக்குள் வந்திருக்கலாம். வழக்கமாகப் போகிற ஓட்டலில் இதைச் செய்திருக்க மாட்டார், அங்கே சர்வருக்கு முகம் தெரியும். அடுத்த மாதம் இருக்கப்போகாத கடையில் யார் என்ன நினைத்தால் என்ன? இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதாலேயே சந்தேகமும் வந்தது. முனையைப் பிடித்தது இடதா, எலும்பை உருவியது இடதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைத்தான் நான் பார்க்கவில்லை. உறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இறக்கையைப் பற்றி எப்போதோ படித்தது அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற கடையில் 1964இல் தெரெசா பெல்லிசிமோ என்ற அம்மாள் இறக்கையைப் பொரித்துக் கார சாஸில் புரட்டிக் கொடுத்தார். அதுவரை பெரும்பாலும் சூப்புச் சட்டிக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது. 1980இல் கால்வின் ட்ரில்லின் 'நியூ யார்க்கர்' இதழுக்காக இந்தக் கதையைத் தோண்டிப் பார்த்தார். கழுத்துக்கும் முதுகுக்கும் பதிலாக இறக்கை மாறி வந்துவிட்டது, அதனால் செய்தோம் என்பது தெரெசாவின் கணவர் சொன்ன காரணம். மகனோ, அது வெள்ளிக்கிழமை ராத்திரி, கத்தோலிக்கர்கள் கறி தொடாத நாள், நள்ளிரவு தாண்டியதும் சாப்பிடக் கொடுக்க அம்மா செய்தது என்றார். இதற்கிடையில் அதே ஊரில் ஜான் யங் என்ற கறுப்பினக் கடைக்காரர், இறக்கையைப் பிரபலமாக்கியவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே சமையலறையில் 16 ஆண்டுக்கு முன் நடந்ததற்கு வீட்டு ஆட்களே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து மேசைக்காரன் நான் எந்த மூலை?

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு கிளவுஸ் கிழிஞ்சிருக்கும் மாமா, விடுங்க" என்றான். இருக்கலாம். ஆனால் கிழிந்ததை யாராவது அவ்வளவு பக்குவமாக மடித்து வைப்பார்களா?

அத்தை மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வச்சிருப்பாரு அத்தான், வயசானவங்க எதையும் வீணாக்க மாட்டாங்க" என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. "நீயா இருந்தா எந்தக் கையில மாட்டியிருப்பே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எனக்கு இப்பல்லாம் கோழியே அவ்வளவா பிடிக்கறதில்ல அத்தான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பதில் சொன்னாளா, கோழியைப் பற்றி மட்டும்தான் சொன்னாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்பதா வேண்டாமா என்பதும் தெரியவில்லை.