குங்குமம் வைத்த கருவி

ஆயுத பூசையன்று தச்சுப் பட்டறையின் டிரில்லிங் மெஷினும் வெல்டிங் கடையின் கிரைண்டரும் துடைத்து வைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பூண்டு, பொரிகடலைப் படையலுக்கு முன் அமர்கின்றன. திருத்தணி போன்ற ஊரில் இது வியப்பே அல்ல. மலைமேல் இருக்கும் முருகனின் வேலுக்கே தனி வணக்கம் உண்டு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித்திருவிழாவில் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமமிட்டுத் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். ஏற உதவும் கல்லும் வணங்கத்தக்கது என்பது அந்த மரபின் துணிவு. அப்படியானால், பழுது பார்க்க வழியில்லாமலே செய்யப்பட்டு, பூசைக்குப் பூசை குப்பைக்குப் போகும் கருவிக்கு இடும் குங்குமத்துக்கு என்ன பொருள்? வணங்கிய பொருளைப் பேணும் கடமை நமக்கு உண்டு என்பதே என் கட்சி.

ஒரு டிரில்லின் மோட்டாரைத் திறந்து பாருங்கள். சுழலும் ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் ஸ்பிரிங் அழுத்த உரசிக்கொண்டிருக்கும் இரண்டு சிறிய கார்பன் பிரஷ்கள். செம்பு நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காகவே கரி தேய்கிறது. நல்ல கருவியில் வெளிமூடியைத் திருகிச் சில நிமிடங்களில் பிரஷ்ஷை மாற்றிவிடலாம். கோயில் அறிந்த நியாயமும் இதுதான். திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனம் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலியவற்றை இடித்துச் சேர்த்த மருந்து. அது நாளடைவில் தளரும் என்று தெரிந்தே, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் சாத்தச் சொன்னார்கள். திருப்பணி முடியும்வரை பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதி, பிறகு குடமுழுக்கு. மருந்தும் சுதையும் மாறினாலும் சுவாமி மாறுவதில்லை. உறுப்பு மாறுவதால் ஒரு பொருள் வேறாகிவிடாது; அதன் பணி அறுபடாதவரை அது அதுவே. ஒட்டி மூடிய பேட்டரியோடு வரும் கம்பியில்லா டிரில் இந்த வழியை அடைக்கிறது. 18 வோல்ட் பேட்டரிக்குள் தொடராக இணைத்த ஐந்து செல்களில் ஒன்று சோர்ந்தாலே மற்ற நான்கும் பயனற்றுப் போகின்றன.

உடம்பையே உயிர் களைந்து செல்லும் கருவியாகக் காணும் சைவ சித்தாந்தம் இரும்பையா பேணச் சொல்லும் என்று கேட்கலாம். தனு என்னும் உடம்பு, கரணம் என்னும் அகக்கருவி ஆகியவை உயிர் மலம் நீங்குவதற்காக அருளப்பட்டவை என்பது அந்த நெறி. ஆனால் பணி முடிந்து களைவது வேறு, பணி நடுவில் எறிவது வேறு. உடம்பு அழியும் என்று அறிந்த திருமூலரே அதைப் பேணுவதை வலியுறுத்தினார். புதிய கருவி பாதுகாப்பானது, ரிப்பேர் கூலியோ கட்டுப்படியாகாது என்பது இன்னும் வலுவான மறுப்பு. நாள்கூலிக்காரருக்கு ஒரு நாள் வேலை போவது சிறிய இழப்பல்ல. ஆகமமும் எதையும் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை: முதன்மை அங்கம் பின்னமான திருமேனியை விலக்கவும், சிற்றுறுப்பு சிதைந்ததைச் சீர்செய்யவும் அது வகுத்துத் தந்தது. உடல் வெடித்து ஷாக் அடிக்கும் கிரைண்டரை விலக்குவதே அறம். தேய்ந்த பிரஷ்ஷுக்காகவோ பேரிங்குக்காகவோ முழுக் கருவியையும் எறிவது அறமல்ல. கூலி கட்டுப்படியாகாமல் போவதும் பெரும்பாலும் செய்தவர் செய்த முடிவின் விளைவே: உதிரிபாகம் கிடைக்காதபோதும், திருகு இருக்க வேண்டிய இடத்தில் பசை இருக்கும்போதும் மெக்கானிக்கால் என்ன செய்ய முடியும்?

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் மின்கருவிகளையும் உள்ளடக்கியவை. ஆனால் அவை முதன்மையாகக் கருவி கழிவான பின் நடக்க வேண்டியதைப் பேசுகின்றன. அதற்கு முந்தைய கடமை செய்பவருக்கும் வாங்குபவருக்கும் உரியது. ஆயுத பூசையிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. அன்று கருவிக்கு ஓய்வு. தூசு தட்டி, துடைத்து, எண்ணெய் இட்ட பிறகே குங்குமம். திறந்து பார்க்க முடிகிற கருவிக்குத்தான் அந்தச் சடங்கை முழுதாகச் செய்ய முடியும்.