ஆணியில் தொங்கிய 555 நோட்டு

ஜொகூரின் பெக்கான் நானாஸ் கடைத்தெருவில் அம்மாவுக்குப் பற்று வைத்துச் சாமான் கொடுத்தவர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி. கல்லாவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும் சாமி மேடை. ஊதுபத்திச் சாம்பல் நிறைந்த தகரக் குவளை. அதற்குக் கீழே ஓர் ஆணியில் எங்கள் பற்றுக் கணக்கு எழுதும் 555 நோட்டு தொங்கும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அரிசி, நெத்திலி, பால் டின் என்று அவர் சீனத்தில் எழுதுவார். அம்மாவுக்குத் தொகை மட்டும் புரியும். வருடக் கடைசி அடைமழையில் ரப்பர் பால்வெட்டு நின்று அப்பாவின் சம்பளம் பாதியாகிப் போகும். அந்த மாதங்களிலும் தவுக்கே நோட்டை மூடியதில்லை. நெற்றியில் திருநீறோடு போன அம்மாவிடம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

2019 ஆகஸ்ட், செப்டம்பரில் 'முஸ்லிம் பொருளையே முதலில் வாங்குவோம்' என்ற இயக்கம் மலேசியாவில் பரவியபோது எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அன்றைய பிரதமர் மகாதீரே அதை ஏற்கவில்லை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் ஜொகூரின் மூவாரில் ஒரு சலவைக்கடை முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டியது. சுல்தான் இப்ராஹிம் கடுமையாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். 2024 மார்ச்சில் கேகே மார்ட் கடையொன்றில் 'அல்லாஹ்' என்ற சொல் பொறித்த காலுறை விற்பனைக்கு வந்தது. மனம் புண்பட்டவர்களின் கோபம் நியாயமானது. ஜூலையில் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 60,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு வெகு முன்பே பீடோர், குவாந்தான், கூச்சிங்கில் உள்ள அதன் கடைகளில் பெட்ரோல் குண்டு விழுந்துவிட்டது. சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகள் வேலை செய்யும் கடைகள் அவை.

அடுத்தவரை மட்டும் சொல்லி நான் ஒதுங்க முடியாது. தீபாவளி நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'இந்துக் கடையில் மட்டும் வாங்குவோம்' என்று வருகிறது. போன வருடம் அதை எனக்கு அனுப்பியவர் என் அத்தை. "நம்ம ஆளுங்க கடைய நாமளே கைவிட்டா யாருப்பா தாங்குவா?" என்றார். அந்த வலி பொய்யில்லை. பேரங்காடி வந்தபின் பூட்டிய தமிழர் மளிகைக் கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். மிஞ்சியிருக்கும் கடைக்குப் போங்கள். முருங்கைக்கீரையும் முறுக்கு மாவும் அங்கேதான் நன்றாக இருக்கும். நானும் போகிறேன். அத்தை சொன்னதில் 'மட்டும்' என்ற ஒரு சொல்தான் எனக்கு உடன்பாடில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் இந்துக்கள் நூற்றுக்கு 6.1 பேர். எல்லாரும் அவரவர் மதத்தார் கடைக்கே போவது என்று ஆகிவிட்டால் முதலில் கதவடைப்பது யார் கடை? அத்தையிடம் இதைத்தான் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

ஹலால் பார்த்து வாங்குவதையும், விரத நாளில் சைவக் கடை தேடுவதையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. அது வாய்க்குள் போகும் உணவைப் பற்றிய நியமம். யாரும் குறை சொல்ல முடியாது. விற்பவர் கும்பிடும் தெய்வத்துக்காக அவர் பிழைப்பை மறுப்பது வேறு சங்கதி. அளவு சரியா, விலை நியாயமா, வேலையாளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறாரா என்று பாருங்கள். இதில் தவறினால் திருநீறு பூசியிருந்தாலும் அந்தக் கடையை விட்டு விலகலாம்.

எங்கள் ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது; மலாயில் 'நானாஸ்' என்றால் அதுதான். சீனர்கள் அதை 'ஓங்லாய்' என்பார்கள். அதிர்ஷ்டம் வருகிறது என்பதுபோல் ஒலிப்பதால் புத்தாண்டுக்கு வீட்டில் வைப்பார்கள். மலாய்க்காரர் கல்யாண விருந்தில் அது பஜெரி என்ற கறி. அம்மா அதில் ரசம் வைப்பார். சாலையோரத்தில் பழம் வாங்க நிற்கும் யாரும் விற்பவரின் மதத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. காம்பை முகர்ந்துதான் வாங்குகிறார்கள்.

தீபாவளிக்கு அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வரும். தயவுசெய்து அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.