தாத்தா சாப்பிட்டாரா?

தமிழ்நாட்டிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த கடிதங்களில், சேதி என்னவென்று பிரிக்காமலே தெரிந்துவிடும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். கறுப்பு மை என்றால் சாவு. அதைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்கமாட்டார்கள். கப்பலில் வந்த கடிதம் என்பதால், இங்கே பிரிக்கும்போது அங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்கும். அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. தாமதப்படுத்தியது கடல்தானே.

இப்போது கடல் நடுவில் இல்லை. சேதி தாமதமாக வந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தாமதப்படுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அது அம்மா.

எங்கள் கேரி தீவை லங்காட் ஆறு பிரிக்கிறது, பாலம் சேர்க்கிறது. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற தோட்டக்காரரின் பெயர். செம்பனை, மா மெரி பூர்வகுடிகளின் கிராமங்கள், நடுவில் நாங்கள். இங்கே ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால் சீக்கிரமே அஸ்ராமாவுக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அப்படி ஒருத்தி போனாள். எஸ்.பி.எம். பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய தாத்தா இறந்துபோனார். பரீட்சை பல வாரம் நீளும். கடைசித் தாளுக்குப் பிறகுதான் சொன்னார்கள். அவள் அழவில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்: "அன்னிக்கு போன்ல, தாத்தா சாப்பிட்டாரான்னு கேட்டேனே, என்னம்மா சொன்னீங்க?"

சாப்பிட்டார் என்று சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் வாசித்தவர்கள் உடனே காண்ட்டை இழுப்போம். கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதியவர். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் வள்ளுவர் இளகியவர்: குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம். அம்மாவுக்கு வள்ளுவர் போதும். ஆனால் அந்த நன்மை குற்றமற்றது என்று யார் அளப்பது? யாருக்கு நன்மையோ, அவளைக் கேட்கவே இல்லையே. காண்ட்கூட எல்லாவற்றையும் வலியப்போய்ச் சொல் என்று கட்டளையிடவில்லை; சொல்வது பொய்யாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அம்மா வெறுமனே பேசாமல் இருந்திருக்கலாம். சிக்கல், மகள் கேட்பாள் என்பதில் இருக்கிறது. அன்புள்ள பிள்ளை கேட்கத்தான் செய்யும். அந்த நொடியில் மௌனம் தானாகப் பொய்யாகிவிடுகிறது.

"தெரிஞ்சா மட்டும் அவ என்ன செய்யப்போறா?" என்பது தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் நியாயம். ஏதாவது செய்வதற்காக மட்டும் சேதி சொல்வதில்லை. 1928-இல் முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு அலகாபாத்திலிருந்து நேரு எழுதிய கடிதங்கள் பூமி தோன்றியதைப் பற்றியும் ஆதி மனிதரைப் பற்றியும் பேசுகின்றன, புத்தகமாயின. அம்மாக்கள் சொல்வது புத்தகமாவதில்லை. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டுக் கூரை ஒழுகுது, எந்த மாமா யாரோடு பேசுவதில்லை. அவ்வளவு தூரத்தில் ஒரு பெண் இன்னும் அந்த வீட்டுக்காரியாக இருப்பது இதனால்தான். சாவைச் சொல்லாமல் விட்டால், அவள் அந்த வீட்டுக்கு விருந்தாளி. பரீட்சையை மறுபடி எழுதலாம், முகம் பார்க்க மறுபடி வாய்ப்பில்லை.

அம்மா பக்கமும் எனக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து மேலே ஏற அந்த ஒரு ஏணிதான். அதை ஆட்டிவிடப் பயம். அப்பாவை இழந்த அன்றைக்கே, ஒன்றும் நடக்காத மாதிரி மகளோடு போனில் பேசினாரே, அதற்கு எத்தனை பலம் வேண்டும்! அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் அவர் செய்தது சரியென்று தோன்றவில்லை.

நான் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். அலாரத்தை ஒருமுறை அணைத்து வைத்துவிட்டால், பிறகு இயந்திரம் சத்தமில்லாமல் ஓடுவது எதையும் உறுதிசெய்யாது. அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். வீட்டில் "ஒன்னுமில்ல பாப்பா" என்றால், உடனே தம்பிக்கு போன் போட்டு விசாரிக்கிறாளாம்.

நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது அம்மாவிடம், "எது நடந்தாலும் அன்னிக்கே சொல்லிருங்க, பரீட்சைய நான் பாத்துக்கறேன்" என்றேன். "கிளம்புற நேரத்துல நல்ல வார்த்தை வராதா ஒனக்கு?" என்று திட்டினார். ஆனால் இரண்டாம் வாரமே போன் வந்தது: "மாமா மோட்டர்ல விழுந்துட்டாரு. கால்ல நாலு தையல். சாப்பிடுறாரு, பேசுறாரு. நீ படி." அன்று ராத்திரி படிக்க முடியவில்லைதான். அதற்கப்புறம், எல்லாரும் நல்லாருக்கோம் என்று அம்மா சொன்ன வாரங்களில் நன்றாகத் தூங்கினேன்.