சொல்லாமல் விற்ற மீன்

கனடாவில் 2017-இல் நாலரை டன் சால்மன் மீன் விற்பனையானது. வேகமாக வளர்வதற்காக மரபணு மாற்றப்பட்ட மீன் அது. அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். மூன்று ஆண்டில் வளர வேண்டியது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் விற்பனைக்கு வந்தது. லேபிள் ஒட்டச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. யாரிடம் விற்றோம் என்று, மீனை விற்ற அக்வாபவுண்டி நிறுவனமும் வெளியிடவில்லை. தின்றவர்கள் எதைத் தின்றோம் என்று அறியாமலே தின்றார்கள்.

அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் மீன் வளர்ப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் இது எங்கோ நடந்த கதை என்று இருந்துவிட முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. ஜே. பாண்டியன் குழுவினர் 1991-லேயே மரபணு மாற்றிய மீனை உருவாக்கினார்கள்; பின்னாளில் ரோகு மீனைப் பல மடங்கு வேகமாக வளரச் செய்தார்கள். அயல் மரபணுவைச் சேர்க்காமல் மரபணுத் திருத்தம் மட்டும் செய்த பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கட்டுப்பாடுகளிலிருந்து நம் அரசு 2022-இல் விதிவிலக்கு அளித்தது. 2025 மே மாதம் அப்படிப்பட்ட இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. நெல்லுக்குக் கிடைத்த சலுகையை நாளை மீனுக்கும் கேட்பார்கள்.

உண்பவருக்குச் சொல்லாமல் உணவை விற்பது அறமாகாது. அது நஞ்சில்லாத உணவாகவே இருந்தாலும் ஆகாது.

வள்ளுவர் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும், கள்ளாமையை 29-ஆம் அதிகாரமாகவும், வாய்மையை 30-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். புலாலை விட்டுவிட எல்லாராலும் முடிவதில்லை. கள்ளாமைக்கும் வாய்மைக்கும் அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது. நடுவு நிலைமை அதிகாரத்தில் வணிகருக்கென்றே ஒரு குறளை ஒதுக்கி, பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணச் சொன்னார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுவது அவர்களுடைய செல்வத்துக்காக மட்டுமா? அளவில் ஏமாற்றாதவர்கள், விலையை ஒளிக்காமல் சொன்னவர்கள் என்பதற்காகவும்தான். தன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமல் ஊட்டத் துணியாததை ஊருக்கு விற்பவரை இந்த அளவுகோல்களில் எதுவும் தாங்காது.

சங்கரன்கோவிலில் மீன் வாங்குகிறவர் முதலில் கேட்பது கடல் மீனா, குளத்து மீனா என்றுதான். வியாபாரி சொல்லும் பதிலை நம்பியே வீட்டில் குழம்பு கொதிக்கிறது. கையில் சோதனைக் கருவி இல்லாத ஏழைக்கு அந்த ஒரு வார்த்தைதான் பாதுகாப்பு. விரதம் இருப்பவர், ஒவ்வாமை உள்ளவர், மரபணு மாற்றத்தை மனசாட்சிப்படி ஏற்காதவர் எல்லாரும் அந்த வார்த்தையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். வியாபாரிக்கே தெரியாதபடி மறைத்தால், நாணயமான மனிதரையும் பொய் சொல்ல வைத்த பாவம் சேரும்.

பசியைச் சொல்லி வாதாடுகிறவர்கள் உண்டு. குறைந்த தீவனத்தில் நிறைய மீன், ஏழைக்கு மலிவான புரதம் என்கிறார்கள். நியாயமான அக்கறைதான்; உணவு கொடுத்தவரை உயிர் கொடுத்தவராகவே மணிமேகலைக் காப்பியம் உயர்த்துகிறது. ஆனால் அதே காப்பியத்தில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தில் விழுந்த முதல் பிச்சை கற்பில் சிறந்த ஆதிரையின் கையால் வந்தது. யார் கொடுத்தது என்று பார்த்துத்தான் அந்தப் பாத்திரமே நிறையத் தொடங்கியது. பசித்தவருக்கும் தன் சோறு எங்கிருந்து வந்தது என்று அறியும் உரிமை உண்டு.

மீனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது வைத்த இடத்தில் நிற்காது. அக்வாபவுண்டி நிறுவனம் விற்பனைக்கு மலட்டுப் பெண் மீன்களைத் தொட்டியில் வளர்த்தது. அப்படியும், தப்பினால் என்ன ஆகும் என்பதைச் சரியாக ஆராயவில்லை என்று 2020-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அங்குள்ள உணவு மருந்து நிர்வாகத்தைக் கண்டித்தது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீரோடு மீனும் அடுத்த குளத்துக்குப் போகும். தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்றும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அகப்படுகிறது. அதை விட்டவர் யார் என்று எந்தக் குளமும் சொல்லாது.

(கிஃப்ட் திலேப்பியா, ஜெயந்தி ரோகு என்ற மீன் ரகங்களை மரபணு மாற்றிய மீனோடு குழப்பக் கூடாது. அவை தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தவை.)

சொல்லாமல் ஊட்டும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2002-இல் பி.டி. பருத்தி வந்தது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பெரும்பங்கு அதுவே. அதன் கொட்டையில் எடுத்த எண்ணெய் சமையலுக்குப் போகிறது. கரிசல் காட்டில் பருத்தி விதைத்தவருக்காவது இதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 22-ஆம் பிரிவில் அனுமதியில்லாத மரபணு மாற்ற உணவைத் தடுக்கிறது. 2021-இல் வந்த வரைவு விதி, ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் குறிக்கச் சொல்கிறது. ஆனால் நம் ஊர் மீன் பாக்கெட்டில் வருவதில்லை, கூடையில் வருகிறது. லேபிளை எங்கே ஒட்டுவது? ஆகவே விதி மீன் குஞ்சு விற்கும் பண்ணையிலிருந்தே தொடங்க வேண்டும். குஞ்சு வாங்கிய ரசீதிலும், மீன்பாசி குத்தகைப் பத்திரத்திலும், மீன் கடைப் பலகையிலும் மரபணு மாற்றிய மீன் என்பது எழுதப்பட வேண்டும். திருத்தம் மட்டும் செய்தோம், அயல் மரபணுவைச் சேர்க்கவில்லை என்று சொல்லி எவரும் அந்த விதியிலிருந்து விலகிக்கொள்ள இடம் தரக் கூடாது.