செத்த பாதுஷாவின் ஆறாம் ஆண்டு

எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. இதை நான் ஒரு மரியாதையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஆற்காட்டு ரூபாய் கைக்கு வரும்வரை.

வெள்ளிப் பட்டறை ஒன்றில், உருக்குவதற்காக ஒதுக்கியிருந்த சாமான்களுக்கிடையே கிடந்தது. எடைக்குத்தான் விலை போட்டார்கள். ஒரு பக்கம் சின்னத் தாமரை. மற்றபடி இருபுறமும் பாரசீக எழுத்து, அதுவும் அரைகுறையாக. அச்சு பெரிது, காசின் வில்லை சிறிது. அதனால் ஒரே காசில் முழு வாசகமும் விழாது. நாலைந்து காசுகளைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒரு வரியைக் கூட்டி வாசிக்க வேண்டும். (இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு காசோடு நிற்காததற்கு இது நல்ல சாக்கு.)

பாரசீகம் தெரிந்த நண்பர் வாசித்துச் சொன்னார்: பாதுஷா ஆலம்கீர், ஆறாம் ஆட்சியாண்டு, ஆற்காடு. முகலாய பாதுஷாவான இந்த இரண்டாம் ஆலம்கீர் 1759இல் தன் வஜீரின் ஏவலாலேயே கொல்லப்பட்டவர். ஆனால் தாமரை போட்ட இந்தக் காசை அடித்தது சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. அவர் செத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், 1800களில் இயந்திரம் வந்த பிறகும், அதே பெயர், அதே ஆறாம் ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆற்காட்டு ரூபாய்தான் அடித்தார்கள். தாமரைக்குப் பதில் பிறை. பாதுஷாவும் பொய், ஆண்டும் பொய், ஊரும் பொய். வெள்ளி மட்டும் மெய்.

ஏன் இந்த நாடகம்? கடைவீதிக்குத் தெரிந்த காசுதான் கடைவீதியில் செல்லும். முகம் தெரியாத காசென்றால், காசு மாற்றித் தரும் சராப்பு அதைத் தட்டிப் பார்ப்பார், உளியால் குறி போடுவார், வட்டம் என்று ஒரு கழிவு பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். காசு பழையதானாலும் வட்டம் உண்டு. வங்காளத்தில் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது: பாதுஷா ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டை அப்படியே நிறுத்திவைத்தது. ஆண்டே மாறாவிட்டால் எது புதுசு, எது பழசு? ஷா ஆலம் 1806இல் இறந்தார். அவர் பெயர் போட்ட ரூபாய் 1835 வரை வந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டில்தான் கம்பெனி துணிந்தது. தன் ராஜா நான்காம் வில்லியமின் தலையைப் போட்டு, ஒரு தோலா எடையில், தான் ஆண்ட இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய். பாதுஷாவின் பெயர் இனித் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டார்கள். அத்தனை வருடம் அதைக் காப்பாற்றியது பக்தியால் அல்ல.

இது என்னைக் கொஞ்சம் உறுத்தியது. தாத்தா பெயரை நான் எங்கெல்லாம் செலவழித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். "இன்னாருடைய பேரன்" என்று சொல்லி மளிகைக் கடையில் கணக்கு வைத்தது, வாடகை வீட்டுக்கு முன்பணம் குறைத்தது, ஒரு பெண் பார்க்கும் பேச்சில் அவரை நடுவில் உட்காரவைத்தது. அவர் நாணயமான மனிதர். என்னைத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வட்டம் பிடிக்காமல் செலவாகிவிட்டேன். அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு அன்பு, எவ்வளவு வசதி என்று பிரித்துச் சொல்ல எனக்கு உரைகல் இல்லை.

பெயர் மாற்ற விண்ணப்பம் வாங்கி வந்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். காசும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "தாத்தாவுக்கு கரண்ட் பில் வந்திருக்குடா, கட்டிடு."

கட்டிவிட்டேன்.