தண்ணீரின் விலை

இலவசமாகக் கிடைக்கும் பொருளை மனிதன் மதிப்பதில்லை. ஆதலால் தண்ணீருக்கும் சந்தை விலை வைத்தாலன்றி வீண்விரயம் நில்லாது என்பது பொருளியலறிஞர் சிலர் ஓயாது கூறிவரும் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. ஏழைகள் தண்ணீரை இலவசமாகப் பெறுகின்றனர் என்பதே அப்பொய்.

பொலிவிய நாட்டின் கொச்சபம்பா நகரை நோக்குவோம். 1985 இன் பின்னர் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டமையால் வேலையிழந்த தொழிலாளரும், நிலத்தை நம்பி வாழ முடியாத விவசாயிகளும் அந்நகரின் தென்புறக் குன்றுகளிற் குடியேறினர். நகரக் குழாய் அங்கு ஏறவில்லை. பவுசரில் வந்த நீரைப் பீப்பாய்க் கணக்கில் வாங்கினர். குழாயுள்ள வசதி படைத்தோர் லீற்றருக்குக் கொடுத்ததைவிட இவர்கள் கொடுத்தது பன்மடங்கு. நீரின் மதிப்பை இவர்களுக்கு எவர் கற்பிக்க வேண்டும்?

1999 இல், தனியார்மயத்தை உலக வங்கி வற்புறுத்திவந்த சூழலில், நகரின் நீர் விநியோகம் பெக்டெல் என்னும் அமெரிக்க நிறுவனம் பங்குகொண்ட கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் ஏறிற்று. அதனினும் மக்களைக் கொதிப்படையச் செய்தது வேறொன்று: தம் கையால் வெட்டிய கிணறுகளும் கம்பனியின் ஆளுகைக்குட் சென்றுவிடும் என்ற அச்சம். சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியான ஒஸ்கார் ஒலிவேரா முதலியோரின் தலைமையில் நகரம் எழுந்தது. 2000 ஏப்ரலில் 17 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான், ஒப்பந்தம் இரத்தாயிற்று.

நம்மவரிற் பலர் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். வெற்றியின் இனிமை அத்தகையது. ஆனால், நீர் பொது நிறுவனத்திடம் மீண்ட பின்னரும், ஆண்டுகள் பல கழிந்தும், குன்றுகளுக்குப் பவுசரே ஏறிக்கொண்டிருந்தது. பழைய குழாய்களில் நீர் ஒழுகிப்போயிற்று. நிர்வாகத்தில் ஊழல் மலிந்திருந்தது. உடைமை கைமாறுவது அவசியம். எனினும், அடுத்த குழாய் எந்தத் தெருவுக்கு என்ற வினாவுக்கு அது தானாக விடையளிப்பதில்லை.

2010 யூலை 28 இல், பொலிவியா முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, தூய நீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. 122 நாடுகள் ஆதரித்தன; எதிர்த்து ஒரு நாடேனும் வாக்களிக்கவில்லை; அமெரிக்கா, பிரித்தானியா உள்ளிட்ட 41 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. எதிர்க்கும் துணிவின்றி ஒதுங்கியமை ஏன்? உரிமை என்று ஒப்புக்கொண்டால், அதை நிறைவேற்றும் கடமை எவருடையது என்ற கேள்வி உடனே எழும். ஈகைக்கு அந்தத் தொல்லை இல்லை. கொடுப்பவன் விரும்பியபோது கொடுக்கலாம், விரும்பியபோது நிறுத்தலாம்.

2024 இலும் ஏறத்தாழ 210 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் கிட்டவில்லை. பாதுகாப்பான கழிவகற்றல் வசதியற்றோர் 340 கோடி. பின்னைய தொகை பெரிதாயிருந்தும் அதைப் பற்றிய பேச்சோ சிறிது. தாகத்தைப் பற்றிக் கவிதை எழுதும் நமது பேனாக்கள் கழிப்பறை என்று எழுதக் கூசுகின்றன.

கொச்சபம்பாவின் தென்புற நீர்க்குழுக்கள் 2004 இல் ஒரு சங்கமாக இணைந்தன. அவர்கள் கேட்டது இலவசமன்று. பொது நிறுவனம் மொத்தமாக நீரைத் தரட்டும். அதற்குரிய பணத்தைக் கொடுத்து, தெருத்தெருவாகப் பகிர்வதை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்றே கேட்டனர்.