அலாரம் வைக்கிறவர் ஒருத்தர், எழுந்திருக்கிறவர் இன்னொருத்தர்



ஐப்பசி சஷ்டி நெருங்கினாலே நம்ம பசங்க கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "காலைல 4:30க்கு எழுந்து குளிச்சுப் படிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன், முடியலை. முருகன் கோவிச்சுக்குவாரா?" மாட்டார், அவர் கருணைக்கடல் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. ராத்திரி படுக்கப் போகும்போது நாளைக் காலைக்காக நான் கொடுக்கிற வாக்கு, யார் கொடுக்கிற வாக்கு? அதை யார் நிறைவேத்தணும்?

இதை என்னை யோசிக்க வைத்தது என் தலைமாட்டில் இருக்கிற ஒரு மலிவான கடிகார ரேடியோ. துபாயில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு லீவுக்குக் கொண்டு வந்தது. கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, சிவப்பு எல்.இ.டி எழுத்தில் மணி, பக்கவாட்டில் ஸ்டேஷன் மாத்துற சக்கரம். அவ்வளவுதான். குறிச்ச நேரத்துக்கு கீக்கீன்னு கத்தவும் செய்யும், ரேடியோவைப் பாட விட்டும் எழுப்பும். போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு இதை மட்டும் ரூமுக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நடுவுல ஒரு விஷயம் சொல்லிடறேன். சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசத்தையே போனில் அலாரம் டோனாக வைக்கிறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு வேண்டாம். நல்ல தூக்கத்தில் தினமும் அதே வரியில் அதே குரல் வந்து இழுத்தால், ஒரு மாசத்துல அந்தப் பாட்டு கோயில்ல கேட்டாலும் உடம்பு "அய்யோ"ன்னு சொல்லும். ரேடியோவில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாள் பக்திப்பாட்டு, ஒரு நாள் செய்தி, ஒரு நாள் நகைக்கடை விளம்பரத்தோட கடைசி வரி. எதுல எழுந்திருப்போம்னு நமக்கே தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பெட்டியில் பெரிய பட்டன் எது தெரியுமா? மேலே முழு நீளத்துக்கு இருக்கிற ஸ்னூஸ் பட்டன். நேரம் வைக்கிற பட்டன்கள் சின்னது, நகத்தால அழுத்தணும். செஞ்சவங்களுக்கு மனுஷனைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு. நேரம் வைக்கிறவர் முழிப்பா இருக்கிறவர், அவருக்குச் சின்ன பட்டன் போதும். ஸ்னூஸ் அழுத்துறவர் கண்ணைத் திறக்காமல் கையை வீசுறவர், அவருக்குப் பெரிய பட்டன் வேணும். ஒரே ஆளுக்காக இல்ல, ரெண்டு பேருக்காகச் செஞ்ச மாதிரி இருக்கு.

ராத்திரிக்காரர் ரொம்ப உற்சாகமானவர். பதினோரு மணிக்கு ஒரு திருச்செந்தூர் ரீல்ஸ் பார்த்ததும் அவருக்கு மெய் சிலிர்க்கும். "நாளையிலிருந்து 48 நாள், பிரம்ம முகூர்த்தம்"னு முடிவு பண்ணி 4:30 வைப்பார். வைத்துவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்ப்பார். குளிர்ந்த தண்ணி, கண் எரிச்சல், ஆபீஸ்ல வர்ற கொட்டாவி எதுவுமே அவருக்குக் கிடையாது. எல்லாம் காலைக்காரர் தலையில். அதாவது ராத்திரிக்காரர் தர்மம் பண்றார், ஆனா அடுத்தவர் பையிலிருந்து எடுத்து. பக்தியோட சந்தோஷம் இவருக்கு, கடன் அவருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணிக்கு ரூமுக்கு வர்றவர், சஷ்டி விரதம் இருந்தார். மூணாம் நாள் எழுந்திருக்க முடியலை. "அண்ணா, எனக்குத் தகுதியே இல்லைண்ணா"ன்னு சொல்லி விரதத்தையே விட்டுட்டார். அத்தோட நிக்கலை. ரெண்டு மாசம் கோயில் பக்கமே போகலை. மூணரை மணி நேரத் தூக்கத்துக்கு அப்புறம் எழுந்திருக்காத உடம்பை அவர் பாவம்னு எடுத்துக்கிட்டார். அது பாவமா?

இங்கே கடிகாரம் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா நல்லா இருக்கும். கரண்டில் ஓடுற இந்த மாதிரி மலிவு கடிகாரங்கள் பலதுக்குச் சொந்தமாத் துல்லியமான துடிப்பு கிடையாது. சுவத்துல வர்ற மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 முறை துடிக்குது இல்லையா, அதைத்தான் எண்ணும். 50 எண்ணினால் ஒரு வினாடி. மின்சாரம் கொஞ்சம் மெதுவாத் துடிச்சா கடிகாரமும் பின்தங்கும். 2018ல ஐரோப்பாவில் இது பெரிசா நடந்தது. செர்பியா, கொசோவோ பக்கம் மின்சாரப் பங்கீட்டுல தகராறு. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் அந்தக் கண்டத்தோட மின்தொகுப்பே துளி மெதுவா ஓடிச்சு. ஸ்பெயின்லிருந்து துருக்கி வரைக்கும் கரண்டை எண்ணுற தலைமாட்டுக் கடிகாரங்கள் கிட்டத்தட்ட 6 நிமிஷம் பின்தங்கிப் போச்சு. அவ்வளவு கடிகாரமும் கெட்டுப்போச்சா? ஒண்ணுகூட இல்லை. வந்த கரண்டை ஒழுங்கா எண்ணிச்சு, அவ்வளவுதான்.

காலைக்காரரும் அப்படித்தான். அவர் சோம்பேறி இல்லை. ராத்திரிக்காரர் என்ன கொடுத்தாரோ அதை வச்சு ஓடுறார். மூணரை மணி நேரம் கொடுத்தா அதுக்கேத்த ஓட்டம். அவரைப் பிடிச்சுத் திட்டுறது, அந்த ஐரோப்பாக் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி.

"அப்போ முடிஞ்சா எழுந்திருக்கலாம், முடியலைன்னா தூங்கலாம், இதுக்குப் பேர் விரதமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. விரதம்னா எதையாவது விடணும், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. யார் விடணும்னுதான் கேட்கிறேன். வாக்குக் கொடுத்தவர் எதையாவது விட்டாரா? பத்து மணிக்குப் போனை ஹாலில் வைத்துவிட்டு வந்து படுக்கிறது ராத்திரிக்காரர் சொந்தக் காசுல பண்ற விரதம். அதை அவர் செய்யாம 4:30 மட்டும் வைத்தால், அது ஆசை. விரதம்னு அதைச் சொல்ல எனக்கு மனசு வரலை. ஷிப்ட்ல இருக்கிறவங்களுக்குப் பத்து மணி கைல இல்லை, புரியுது. அவங்க வைக்கிற நேரம் 7:30 ஆகட்டும். ஒரு மணிக்கு வந்ததும் நேராப் படுத்தால் அதுவும் விரதம்தான்.

இன்னொருத்தர் கேட்டார்: "அருணகிரிநாதர் அலாரம் வைச்சா மாறினார்? உண்மையான பக்தி இருந்தால் தானா முழிப்பு வரும்." அவர் திருவண்ணாமலைக் கோபுரத்துலேருந்து குதிச்சு, முருகன் கையில் ஏந்திக் காப்பாத்தினவர்னு நம்ம மரபு சொல்லுது. அந்தக் கதையைச் சொல்லி ஐ.டி. கம்பெனிக்காரப் பையனைக் குத்தம் சொல்றது சரியில்லை. அதோட, தானா முழிப்பு வந்தாத்தான் பக்தின்னா கோயில்ல பெருமாளுக்கும் முருகனுக்கும் எதுக்குத் திருப்பள்ளியெழுச்சி? சுவாமியையே பாடித்தானே எழுப்புறோம். எழுப்பப்படுறது கேவலம் இல்லை.

எழுப்புறதுன்னதும் சேவல் ஞாபகம் வரும். அது யாரு? சூரபத்மன். மாமரமா நின்னவனை வேல் பிளந்தது, சேவலும் மயிலுமா எதிர்த்து வந்தான், முருகன் பார்த்த பார்வையில் ரெண்டும் அடங்கிச்சு. மயில் வாகனம், சேவல் கொடி. சூரசம்ஹாரம்னு சொன்னாலும், சூரன் அழியலை. அவனுக்கு வேலை கிடைச்சது. ரொம்ப நாள் நான் இதை, காலைல தூங்குறவன்தான் நமக்குள்ள இருக்கிற சூரன், அவனை வேலால அடிக்கணும்னு சொல்லக் கேட்டிருக்கேன். எனக்கு அது பொருந்தலை. தூங்குறவன் யாரையும் எதிர்க்கலையே. "நான் முடிவு பண்ணிட்டேன்"னு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மார் தட்டுறவன்கிட்டதான் சூரனோட சாயல் இருக்கு. நடுராத்திரியில் முழிச்சிருக்க அவ்வளவு தெம்பு இருக்கு பாருங்க, அந்தத் தெம்பு திரும்பினால்தான் விடியக்காலைல கூவும்.

என் பெட்டியில் எனக்குப் பிடிச்ச குணம் ஒண்ணு இருக்கு. உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்டு வைக்கலைன்னா, கரண்ட் போய் வந்ததும் 12:00ன்னு விட்டு விட்டு மின்னும். தெரியாத நேரத்தைத் தெரிஞ்ச மாதிரி காட்டாது. நாம போய்ச் சரியான நேரம் வைக்கணும், வைச்சதும் அங்கேயிருந்து ஓடும். நேத்து நின்னு போனேனேன்னு அதுக்கு வருத்தம் கிடையாது. மூணாம் நாள் விட்டுப்போனால் நாலாம் நாள்னு ஒரு நாள் இருக்குன்னு அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னதும் இதைத்தான்.

கடைசியா, ஸ்னூஸ் பத்தி. அது தப்பான்னு கேட்கிறவங்களுக்கு: என் பெட்டியில் ஒரு அழுத்துக்கு 9 நிமிஷம். நான் ராத்திரியே அந்த ஒரு 9 நிமிஷத்தையும் கணக்கில் சேர்த்து முன்னாடி வைத்துவிடுவேன். 5:15க்கு எழுந்திருக்கணும்னா அலாரம் 5:06. அந்த 9 நிமிஷம் காலைக்காரரோட பங்கு. அவர்கிட்ட கேட்காமதானே எல்லா முடிவும் எடுக்கிறோம், இதையாவது கொடுக்கலாம். ரெண்டாவது தடவை அழுத்தினால் மட்டும் ராத்திரிக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பேன்: நேத்து எத்தனை மணிக்குய்யா படுத்தே?

வேலும் மயிலும் துணை.